நோவு என்று மட்டும் சொல்லாதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரமாக உள்ள ஒரு பாமசியில் நான் வேலை செய்கிறேன். காலையில் கதவு திறப்பது முதல் இரவு பூட்டுவது வரை அங்கே அதிகம் கேட்கப்படுவது இருமல் பாணியோ விற்றமினோ அல்ல. "நோவுக்கு ஒரு குளிசை தாங்கோ" என்பதுதான். கேட்பவர் தலையிடியோடு வந்திருக்கலாம், பல்லுக்கொதியோடு வந்திருக்கலாம், நாரிப்பிடிப்பால் நிமிர முடியாமல் நின்றிருக்கலாம், வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தாய்க்காகவும் வந்திருக்கலாம். எல்லோரும் நோவு என்ற ஒன்றையே சொல்கிறார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே குளிசையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நான் உடனே எடுத்துக் கொடுக்காமல், எங்கே நோகிறது, எப்படி நோகிறது, எப்போதிருந்து நோகிறது என்று திருப்பிக் கேட்கும்போது சிலருடைய முகம் சுருங்குவதைக் காண்கிறேன். நோவோடு வந்தவரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பது எனக்கும் விருப்பமான காரியம் அல்ல. ஆனால் அந்தக் கேள்விகள் எதற்காக என்பதை, பின்னால் ஆட்கள் காத்து நிற்கும்போது கவுண்டரில் நின்று விளக்கவும் முடிவதில்லை. ஆகையால் ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

நோவைப் போக்குதல் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. நோவுச் செய்தி நரம்பைக் கடந்து போகாதபடி ஓரிடத்தில் மறித்துவிடுவது விறைக்கச் செய்தல். அடிபட்ட இடத்திலும் வீங்கிய இடத்திலும் நோவை மூட்டிக்கொண்டிருக்கும் இரசாயனத்தைக் குறைப்பது வேறு. தோலில் குளிர்ச்சியையோ சூட்டையோ உணரச் செய்து நோவின் வேகத்தைத் தணிப்பது வேறு. முண்ணாணும் மூளையும் அந்தச் செய்தியை ஏற்றுக்கொள்ளும் விதத்தையே மாற்றுவது முற்றிலும் வேறு. ஒன்று செய்ய வேண்டியதை மற்றொன்றிடம் எதிர்பார்த்துவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று மனம் சோர்ந்து, அதே குளிசையில் இன்னும் இரண்டைப் போட்டுக்கொள்பவர்களை நான் தினமும் சந்திக்கிறேன்.

விறைக்கச் செய்தலை நம்மில் பெரும்பாலோர் முதலில் அறிவது பல் வைத்தியரின் கதிரையில்தான். முரசில் போடும் ஊசியில் பொதுவாக இருப்பது லிக்னோகெயின். நரம்பு ஒரு செய்தியை எடுத்துச் செல்ல வேண்டுமானால், அதன் மென்சவ்வில் உள்ள நுண்ணிய வழிகளால் சோடியம் அயன்கள் உள்ளே பாய வேண்டும்; லிக்னோகெயின் அந்த வழிகளை அடைத்துவிடுகிறது. செய்தி புறப்பட்ட இடத்திலேயே நின்றுபோவதால் மூளைக்கு ஒன்றும் தெரிவதில்லை. நோவைக் கடத்தும் நரம்பிழைகள் மெல்லியவை, எளிதில் அடங்கிவிடுபவை. அமுக்கத்தையும் தொடுகையையும் உணர்த்தும் இழைகள் தடித்தவை. அவை பின்னர்தான் அடங்கும், சில வேளைகளில் முழுதாக அடங்குவதும் இல்லை. பல்லைப் பிடுங்கும்போது கூரிய நோவு இல்லாவிட்டாலும் இழுவையும் அமுக்கமும் தெரிவது இதனால்தான். இதை அறியாதவர்கள் இழுவையை உணர்ந்தவுடன் ஊசி வேலை செய்யவில்லை என்று பயந்து கதிரையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்கிறார்கள். வைத்தியரிடம் சொல்லும்போது இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். இழுப்பது தெரிகிறது என்றால் அவர் வேலையைத் தொடரலாம். குத்துகிறது என்றால் நிறுத்தி இன்னும் கொஞ்சம் ஊசி போடுவார்.

உண்மையிலேயே விறைப்பு ஏறாத சந்தர்ப்பங்களும் உண்டு. பல்லின் அடியில் சீழ் கட்டி வீங்கியிருக்கும்போது அந்த இடத்துத் திசு அமிலத்தன்மை அடைந்துவிடுகிறது. அமிலச் சூழலில் லிக்னோகெயினின் பெரும்பகுதி மின்னேற்றம் கொண்ட வடிவத்துக்கு மாறிவிடுவதால் நரம்பின் மென்சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாமல் வெளியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவேதான் வைத்தியர் சில வேளைகளில் வீக்கத்திலிருந்து தள்ளி, நரம்பு வரும் வழியில் ஊசி போடுகிறார். வேறு சில வேளைகளில் முதலில் சீழை வெளியேற்றிவிட்டு, பல்லைப் பிடுங்கப் பின்னொரு நாள் வரச் சொல்கிறார். பல்லுக்கொதி தொடங்கி முகம் வீங்கும்வரை பனடோலோடு காலம் கடத்திவிட்டு, பிறகு வார்ட் பிளேஸ் பல் வைத்தியசாலைக்கு ஓடுபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: விறைப்பூசிகூடச் சரியாகக் கேட்காத கட்டம் ஒன்று இருக்கிறது, அதற்கு முன்பே போய்விடுங்கள்.

இந்த ஊசியின் வரலாறு கண்ணிலிருந்து தொடங்குகிறது. 1884ஆம் ஆண்டு வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் வைத்தியர், கொக்கெயின் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் விறைத்துவிடும் என்று காட்டினார். அதற்கு முன்பு கண்ணில் கத்தி வைப்பதென்றால் நோயாளியை ஆட்கள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஈதரையும் குளோரபோமையும் கொடுத்து மயக்கினால் விழித்தெழும்போது வரும் வாந்தி கண்ணைக் கெடுத்தது. கொக்கெயினின் அடிமைப்படுத்தும் குணத்தை விட்டுவிட்டு விறைக்கச் செய்யும் குணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளப் பலர் முயன்றார்கள். அந்த முயற்சியின் வழியில் 1943இல் சுவீடன் இரசாயனவியலாளர் நில்ஸ் லோவ்கிறென் லிக்னோகெயினை உருவாக்கினார். இன்று லிப்டன் சுற்றுவட்டத்தில் உள்ள கண் வைத்தியசாலைக்குக் கண்புரைச் சத்திர சிகிச்சைக்காகச் செல்லும் நம் வீட்டு முதியவர்கள், முழு மயக்கம் இல்லாமல் விழித்திருந்தபடியே சிகிச்சையை முடித்துக்கொண்டு திரும்புவது அந்த வியன்னாச் சோதனையின் தொடர்ச்சிதான்.

வீட்டில் கைக்கெட்டும் விறைப்பு மருந்து ஒன்றும் நமக்கு உண்டு. கராம்பு எண்ணெயில் உள்ள இயுஜினோல் நரம்பைச் சற்று விறைக்கச் செய்யும் தன்மை கொண்டது. துத்தநாக ஒட்சைட்டோடு அதைக் குழைத்துப் பல் வைத்தியர்கள் தற்காலிக அடைப்பாகவும் பயன்படுத்துகிறார்கள். பாட்டி சொன்ன வைத்தியம் என்று அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரு துளியைப் பஞ்சில் எடுத்துப் பல்லின் குழியில் வைப்பது இரவு ஒன்றைக் கடக்க உதவும். ஆனால் போத்தலைச் சரித்து முரசில் ஊற்றிக்கொண்டால் முரசு வெந்துபோகும். குழந்தைகளுக்கு அதைப் பாவிக்கவே வேண்டாம்.

இனிக் குளிசைகள். பனடோல் என்று நாம் கேட்டு வாங்குவது பரசிட்டமோல். அது முக்கியமாக மூளையிலும் முண்ணாணிலும் வேலை செய்து நோவையும் காய்ச்சலையும் குறைக்கிறது. வீக்கத்தை அது பெரிதாக வற்றச் செய்வதில்லை. இபுப்ரோபன், டிக்ளோபெனாக், அஸ்பிரின் ஆகியவை மற்றொரு குடும்பம். அடிபட்ட திசுவில் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் உற்பத்தியாகி நரம்பு முனைகளைக் கூருணர்வுள்ளவையாக ஆக்கிவிடுகிறது. சாதாரணமாகத் தொட்டாலே நோகும் நிலை அதனால் வருவது. அந்த உற்பத்தியைத்தான் இந்த மருந்துகள் தடுக்கின்றன என்பதை 1971இல் ஜோன் வேன் கண்டுபிடித்தார். அதற்காக 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இதே புரொஸ்டகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைப் பேணுவதும் ஆகும். முழங்கால் நோவுக்கு என்று மாதக் கணக்கில் டிக்ளோபெனாக் வாங்கிப் போடும் முதியவர்களிடம் வயிறு எரிகிறதா, மலம் கறுத்துப் போகிறதா, பிரெஷர் குளிசை பாவிக்கிறீர்களா என்று நான் துருவித் துருவிக் கேட்பதற்குக் காரணம் இதுவே.

கொழும்பில் வாழ்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைத்திருக்க வேண்டும். காய்ச்சலோடு உடம்பு முறிகிறது, கண்ணுக்குப் பின்னால் இடிக்கிறது என்று வருபவருக்கு டெங்கு இருக்கலாம். டெங்கில் இரத்தச் சிறுதட்டுகள் குறைந்து இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. அந்நேரத்தில் இபுப்ரோபனோ டிக்ளோபெனாக்கோ அஸ்பிரினோ போட்டால் அந்த ஆபத்து கூடிவிடும். 2017இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். அந்த ஆண்டின் நினைவு இங்கே பலருக்கு இன்னும் மாறவில்லை. காய்ச்சல் இருக்கும்வரை பரசிட்டமோல் மட்டும்தான். அது நோவை முழுதாக எடுக்கவில்லையே என்று "கொஞ்சம் ஸ்ட்ரோங்கானது" கேட்பவர்களுக்கு நான் கொடுக்க மறுக்கிறேன். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனால் அங்கேயும் மறுத்துவிட வேண்டும் என்பதே என் விருப்பம்.

பரசிட்டமோலுக்கும் எல்லை உண்டு. ஆரோக்கியமான வயதுவந்த ஒருவர் 24 மணித்தியாலத்துக்குள் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல், அதாவது 4 கிராமுக்கு மேல், எடுக்கக்கூடாது; மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயாளிகளுக்கும் மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கும் அந்த எல்லை இன்னும் கீழே. மிகுந்துவிட்டால் ஈரல் பாதிக்கப்படும். பாதிப்பு வெளியே தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்பதால் முதல் நாளில் ஒன்றும் இல்லையே என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அந்த நஞ்சை முறிக்கும் மருந்து முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்கப்பட்டால்தான் மிக நன்றாக வேலை செய்யும். எண்ணிக்கை தெரியாமல் மிகுந்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பெயர்கள். தடிமனுக்கென்று விற்கப்படும் குளிசைகள் பலவற்றில் பரசிட்டமோலும் கலந்திருக்கிறது. அதைப் போட்டுவிட்டு அதன்மேல் பனடோலும் போடுபவர் தான் ஒரே மருந்தை இரண்டு தடவை எடுக்கிறோம் என்று அறியமாட்டார். மருந்தை நிறுவனம் வைத்த பெயரால் அல்லாமல் அதன் பொதுப்பெயரால் அறிய வேண்டும் என்று மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே இந்த நாட்டில் வாதாடியதும், 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் தலைமையில் உருவானதும் விலையைக் குறைப்பதற்காக என்றே பலர் நினைக்கிறார்கள். விலையைப் போலவே நோயாளியின் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது என்பது ஒவ்வொரு நாளும் என் கையால் பெட்டிகளைத் திருப்பிப் பார்க்கும்போது எனக்குத் தெரிகிறது. அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடையான ஒசுசலவிலோ வேறெங்கோ வாங்கினாலும், பெரிய எழுத்தில் உள்ள பெயரின் கீழே சிறிய எழுத்தில் உள்ள பெயரைப் படியுங்கள்.

பூசும் தைலங்களைப் பற்றிச் சிலர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு, அவற்றில் உண்மை உண்டா அல்லது மனத்திருப்தி மட்டுமா என்று. உண்மை உண்டு. 1965இல் ரொனல்ட் மெல்சாக், பற்றிக் வோல் ஆகிய இருவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: நோவுச் செய்தி முண்ணாணுக்குள் நுழையுமிடத்தில் ஒரு வாயில் இருக்கிறது, தடவுவதாலும் அமுக்குவதாலும் தூண்டப்படும் தடித்த நரம்பிழைகள் அந்த வாயிலைப் பெருமளவு சாத்திவிடுகின்றன. அவர்கள் வரைந்த படத்தின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படை இன்றும் நிற்கிறது. விழுந்த பிள்ளையின் முழங்காலைத் தாய் தடவிவிடுவதும், தலையிடிக்கு நெற்றிப்பொட்டை அமுக்கிவிடுவதும் அந்த வாயிலில்தான் வேலை செய்கின்றன. தைலத்தில் உள்ள மென்தோல், தோலின் நரம்பு முனையில் குளிரை உணரும் புரதமான வாங்கியையே தூண்டுகிறது. மிளகாயின் காரப்பொருள் சூட்டை உணரும் வாங்கியைத் தூண்டி, தொடர்ந்து பூசிவர அந்த நரம்பு முனையைக் களைக்கச் செய்கிறது. இந்த வாங்கிகளைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியசும் ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆகவே சித்தாலேப பூசிக்கொண்டு நாரியைத் தேய்த்துவிடச் சொல்லும் அப்பப்பாவைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தையின் மூக்கிலும் நெஞ்சிலும் பூசாதீர்கள். கற்பூரம் உடலுக்குள் சென்றால் சிறு குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும்.

மேலே சொன்ன எதற்கும் சரியாகக் கட்டுப்படாத நோவு ஒன்று இருக்கிறது. அடிபட்ட இடத்திலிருந்து வராமல், நரம்பே பழுதாகி அதுவே செய்தி அனுப்பிக்கொண்டிருப்பது அது. நீரிழிவுக்காரர்களின் பாதத்திலும், அக்கி வந்து ஆறிய பிறகும், முதுகெலும்பில் நரம்பு நசிந்தவர்களின் காலிலும் வருவது. அது எரியும், சுள்ளென்று மின்சாரம் அடித்தாற்போல் ஓடும், ஊசி குத்தும், விறைத்தும் இருக்கும், அதே இடம் நோகவும் செய்யும். போர்வை படுவதைக்கூடத் தாங்க முடியாது. பரசிட்டமோல் இங்கே பெரிதாக உதவாது. வைத்தியர்கள் இதற்கு அமிற்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகபலின் போன்றவற்றைக் கொடுப்பார்கள். அமிற்ரிப்டிலின் மனச்சோர்வுக்காக வந்த மருந்து, கபாபென்டின் வலிப்புக்காக வந்த மருந்து. இவை நரம்பின் மிகைத் துடிப்பைத் தணிப்பதால் நோவுக்கும் பயன்படுகின்றன. இதை யாரும் விளக்கிச் சொல்லாததால், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்த மகன் கோபத்தோடு வந்து, "இது மனவருத்தத்துக்குக் குடுக்கிற குளிசை எல்லோ, அம்மாவுக்கு ஏன் தந்தவை?" என்று கேட்கிறார். குளிசை அன்றே நிறுத்தப்பட்டுவிடுகிறது. இந்த மருந்துகள் முதல் நாளிலேயே பலன் தருபவையும் அல்ல. சிறிய அளவில் தொடங்கி, ஓரிரு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

என் சின்னம்மாவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நீரிழிவோடு பல காலம் வாழ்பவர். ஒரு கிளினிக்குக்கு அவரை அழைத்துச் சென்றிருந்தேன். வைத்தியர் சிங்களம் பேசுபவர், இளையவர், மிகவும் பணிவானவர். சின்னம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் போதுமானது. "கக்குல் ரிதெனவா" என்றார், கால் நோகிறது. வைத்தியர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், மடக்கி நீட்டிப் பார்த்தார், பரசிட்டமோல் எழுதத் தொடங்கினார். வீட்டில் சின்னம்மா எங்களிடம் சொன்னதோ வேறு. உள்ளங்கால் இரவில் நெருப்பாக எரிகிறது, எறும்பு ஊர்கிறது, செருப்புக் கழன்றது தெரியாமல் வாசல்வரை நடந்துவிட்டேன் என்றெல்லாம் தமிழில் அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருந்தார். அதை நான் சிங்களத்தில் எடுத்துச் சொன்னபோது, எரிவு என்பதற்கும் ஹிரிவெட்டெனவா, அதாவது விறைக்கிறது, என்பதற்கும் வைத்தியர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். மேசை இழுப்பறையிலிருந்து நைலோன் நூல் பொருத்திய சிறு கருவி ஒன்றை எடுத்து, சின்னம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தின் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். 10 கிராம் அமுக்கத்தில் வளையும் நூல் அது. பெருவிரலிலும் அதன் அடியிலும் தொட்டது சின்னம்மாவுக்குத் தெரியவே இல்லை. சிட்டை மாற்றி எழுதப்பட்டது, பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் முறையும் சொல்லிக்கொடுக்கப்பட்டது.

அந்த வைத்தியரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த தகவலுக்கு ஏற்ற மருந்தைத்தான் அவர் எழுதத் தொடங்கினார். மேலே சொன்ன மெல்சாக் 1975இல் நோயாளிகள் தம் நோவை வருணிக்கப் பயன்படுத்தும் சொற்களைத் திரட்டி, வகைப்படுத்தி ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். குத்துதல், துடித்தல், எரிதல், இழுத்தல் என ஒவ்வொன்றும் வெவ்வேறு மூலத்தைச் சுட்டக்கூடியது என்பதே அதன் அடிப்படை. தமிழ் பேசும் நம்மிடம் அதற்கான வளம் தாராளமாக இருக்கிறது: குடைகிறது, உளைகிறது, கொதிக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, கொளுவிப் பிடிக்கிறது. கொழும்பில் அந்த வளம் முழுதும் கிளினிக் வாசலில் ஒரே ஒரு "ரிதெனவா"வாகச் சுருங்கிவிடுகிறது. வைத்தியரின் மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் முதல் நாளே அண்டை வீட்டாரிடம் கேட்டு, நோவின் தன்மை, இடம், நேரம், எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பவற்றைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு துண்டில் எழுதுவித்துக் கொண்டுபோங்கள்.

சின்னம்மாவின் பாதத்தில் தெரியாமல் போன இடங்கள்தான் எரிந்த இடங்களைவிட என்னைக் கவலைப்படுத்தின. நோவு இல்லாமை எப்போதும் நலம் ஆகாது. 1914இல் கொல்லிமலையில் பிறந்து, வேலூர் மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குச் சத்திர சிகிச்சை செய்த வைத்தியர் போல் பிராண்ட் இதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்றே அதுவரை நம்பப்பட்டது. உண்மையில் நரம்பு செத்ததால் சூடும் வெட்டும் உணரப்படாமல், காயத்தின்மேல் காயம் பட்டே விரல்கள் தேய்கின்றன என்று அவர் கண்டார். நீரிழிவுக்காரரின் பாதத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைக் கண்ணால் பார்க்க வேண்டும், குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்; வெந்நீரைக் காலால் அல்ல, முழங்கையால் சோதிக்க வேண்டும். வெற்றிலை போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படை தோன்றி இரண்டு மூன்று வாரமாகியும் ஆறவில்லையென்றால், நோகவில்லை என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை, இந்த நாட்டு ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றும் அதுவே.

புற்றுநோயின் பிற்காலத்து நோவைப் பற்றித்தான் நான் இந்தப் பதிவை எழுத நினைத்தேன். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையிலிருந்து தகப்பனுக்குக் கொடுக்கப்பட்ட குளிசையோடு ஒரு மகள் என்னிடம் வந்தார். மோர்பின். வாங்குவதற்கு அல்ல, கேட்பதற்கு வந்திருந்தார். "இதைக் குடுத்தா அப்பா பழகிப் போயிடுவாராம், பிறகு விடேலாதாம், உண்மையோ?" என்றார். வீட்டில் மாமாவும் அத்தையும் கூடி, இது கடைசிக் கட்ட மருந்து, கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று சொல்லியிருந்தார்கள். குளிசை மேசை இழுப்பறையில் இருந்தது; தகப்பன் இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். இப்படி எத்தனையோ வீடுகளில் நடக்கிறது என்பதை நான் அறிவேன், அதைப் பற்றி அமைதியாக எழுத என்னால் முடியவில்லை.

மோர்பினை அபினிலிருந்து பிரித்தெடுத்தவர் என் தொழிலைச் சேர்ந்தவர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளராக இருந்த பிரெடரிக் சேர்ட்டுனர். அது நரம்பை விறைக்கச் செய்வதில்லை. முண்ணாணிலும் மூளையிலும் உள்ள வாங்கிகளில் பொருந்தி நோவின் செய்தியை அடக்குவதோடு, நோவு தரும் அச்சத்தையும் தளர்த்துகிறது. அதனால் நோயாளி சில வேளைகளில், "நோ இருக்குது, ஆனா என்னைப் பிடிச்சு ஆட்டேல்லை" என்பார். தவறாகப் பயன்படுத்தினால் ஆபத்தானது என்பதில் ஐயமில்லை. அதனால்தான் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது கட்டுப்படுத்தப்படுகிறது. ஆனால் நோவுக்காக, வைத்தியர் அளந்து, சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கும் மோர்பின் உயிரைக் குறுக்குவதில்லை. உடல் அதற்குப் பழகும் என்பது உண்மை. சடுதியாக நிறுத்தக்கூடாது என்பதும் உண்மை. அது போதைக்காக ஏங்கி அலைவதற்கு ஈடானது அல்ல. எழுபது வயதில் எலும்பில் புற்றுப் பரவிய ஒருவர் நோவில்லாமல் தூங்க விரும்புவதை அடிமைத்தனம் என்று அழைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

1967இல் இலண்டனில் சென்ற் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய வைத்தியர் சிசிலி சோண்டர்ஸ், நோவு வந்த பிறகு நோயாளி கெஞ்சி மருந்து கேட்கும் வழக்கத்தை மாற்றி, நோவு திரும்புவதற்கு முன்பே மணிக் கணக்குப்படி கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டலும் அதையே சொன்னது: முடிந்தவரை வாய்வழியாக, மணிப்படி, நோவின் கடுமைக்கு ஏற்பப் படிப்படியாக. சோண்டர்ஸ் இன்னொன்றையும் வற்புறுத்தினார். உடல் நோவோடு, பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிய கவலை, கடன், தனிமை, இறைவன் கைவிட்டுவிட்டானோ என்ற கலக்கம் எல்லாம் சேர்ந்ததே நோயாளி படும் நோவு, அதை முழுதாகப் பார்க்க வேண்டும் என்றார். மருந்தின் அளவு சரியாக இருந்தும் நோவு குறையவில்லையென்றால் அங்கேதான் தேட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீடியோவில் அரை மணித்தியாலம் பேசிய இரவில் அப்பாவுக்கு மேலதிகக் குளிசை தேவைப்படவில்லை என்று அந்த மகளே பிறகு என்னிடம் சொன்னார்.

அவருக்கு நான் சொன்னவற்றை, இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்காகவும் எழுதிவைக்கிறேன். எழுதிக் கொடுக்கப்பட்ட நேரத்துக்கு, நோகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் கொடுங்கள். முதல் சில நாட்கள் தூக்கமும் ஓங்காளமும் இருக்கலாம், அவை பெரும்பாலும் அடங்கிவிடும். மலச்சிக்கல் அடங்காது, மோர்பின் தொடங்கும் நாளிலேயே அதற்கான மருந்தையும் வைத்தியரிடம் கேட்டுத் தொடங்குங்கள், இதை விட்டுவிடுவதால்தான் பலர் நல்ல மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். எழுப்ப முடியாத தூக்கம், மிக மெதுவான மூச்சு ஆகியவற்றைக் கண்டால் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடுத்தவரின் நோவுக்கு இந்தக் குளிசையில் ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் எடுக்க முடியாதபடி பூட்டி வையுங்கள், மிஞ்சியதைத் தந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். தலைமாட்டில் ஒரு கொப்பி வைத்து, குளிசை கொடுத்த நேரத்தையும், நோவு பத்துக்கு எத்தனை என்று அவர் சொன்ன இலக்கத்தையும், இடையில் நோவு எழுந்தால் அந்த நேரத்தையும் குறியுங்கள். அடுத்த கிளினிக்கில் அதை வைத்தியர் கையில் கொடுத்தால், அளவைக் கூட்டுவதா, இடைவெளியைக் குறைப்பதா, நரம்பு நோவுக்கான மருந்தொன்றைச் சேர்ப்பதா என்பதை அவர் அதைப் பார்த்தே முடிவு செய்வார்.